எதிரி என்றால் யார்?

என் ஜூனியர் ஒருத்தி குழந்தை உரிமைச் சட்டத்தில் முதுநிலைப் பட்டம் படிக்க ஆசைப்படுகிறாள். நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓராண்டு எல்.எல்.எம். இருக்கிறது. "போகலாமா மேடம்?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்த மூத்த வழக்கறிஞர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "அதெல்லாம் சமூக சேவை அம்மா. சிவில் பக்கம் வா, சோறு போடும்."

சோறு விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்கில் குழந்தையின் பக்கம் நிற்கிறவருக்குக் கட்டணம் தர, பெரும்பாலான குடும்பங்களிடம் எதுவும் இருக்காது. ஆனால் சமூக சேவை என்றாரே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. சாட்சிச் சட்டம் இவ்வளவு நுட்பமாக வேலை செய்யும் இடம் குற்றவியல் நீதிமன்றத்தில் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

நானும் பத்தாண்டு தொழில் செய்த பிறகு அஞ்சல் வழியில் இதே துறையில் முதுநிலைப் பட்டயம் படித்தவள்தான். ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989-இல் நிறைவேறியது, இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்டது, மொத்தம் 54 உறுப்புகள். 12-ஆம் உறுப்பு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தை கருத்துச் சொல்லவும் அது கேட்கப்படவும் உள்ள உரிமை. அதைப் பற்றித் தேர்வில் எட்டுப் பக்கம் எழுதினேன். மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது.

அதே ஆண்டு ஒரு போக்சோ வழக்கு. ஒன்பது வயதுச் சிறுமி. (விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நீதிபதி கனிவானவர். மூடிய அறை, குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணில் படாதபடி திரை, அருகில் அம்மா. குறுக்கு விசாரணைக் கேள்விகளையும் சட்டத்தின் 33-ஆம் பிரிவு சொல்கிறபடி நீதிபதியே கேட்டார். யாரும் அதட்டவில்லை.

"எதிரி உன்னைக் கூப்பிட்டபோது நீ எங்கே இருந்தாய்?"

"எனக்கு எதிரி யாரும் இல்லை."

நம் நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவர் 'எதிரி'. முப்பது ஆண்டுகள் அந்தச் சொல்லோடு புழங்கியவர்களுக்கு அது உறைப்பதே இல்லை. அவளுக்கோ அவர் மாமா. தினமும் வீட்டுக்கு வருகிறவர். எதிரி என்றால் பாடப்புத்தகத்தில் அரசர்களோடு சண்டை போடுகிறவன். நீதிபதி உடனே புரிந்துகொண்டு கேள்வியை மாற்றினார். ஆனால் அடுத்ததில் நாங்கள் எல்லோருமே கோட்டைவிட்டோம். "நீ சொல்வதெல்லாம் அம்மா சொல்லிக்கொடுத்தது என்றால் சரிதானே?" அவள் "சரி" என்றாள். வகுப்பில் டீச்சர் "சரிதானே?" என்றால் நாற்பது பிள்ளைகளும் "சரி" என்றுதான் சொல்வார்கள். தட்டச்சரின் விரல்கள் அதை ஒரு ஒப்புதலாக்கிவிட்டன. குறுக்கு விசாரணைக்குப் பின் அவளிடம் மீண்டும் கேள்வி கேட்கும் மறுவிசாரணையில் அரசு வழக்கறிஞர் ஒருவாறு சமாளித்தார். வழக்கின் முடிவை இங்கே எழுதப் போவதில்லை.

அன்று அந்த அறையில் யாரும் சட்டத்தை மீறவில்லை. என்னை உறுத்துவது அதுதான். என் எட்டுப் பக்க விடையில் இந்த "சரி"யைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. பாடத்திலும் இல்லை. பாடம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. குழந்தைகள் தமிழில் பேசுகிறார்கள்.

குற்றம் சாட்டப்பட்ட சிறார்களை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்திலும் இதே கதைதான். 16 வயது நிரம்பிய சிறுவன் கொடுங்குற்றத்தில் சிக்கினால், அவனைப் பெரியவனாக விசாரிக்கலாமா என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி முதல்நிலை மதிப்பீடு செய்ய வேண்டும். செயலின் விளைவை உணரும் திறன் அவனுக்கு இருந்ததா என்பது அதில் ஒரு கேள்வி. குழுமத்தில் குழந்தை உளவியல் படித்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் "விளைவுகளை அறிந்திருந்தாயா?" என்று கேட்டால், நம் பையன் தலையைக் குனிந்துகொண்டு "தெரியும் சார்" என்பான். பெரியவர்கள் கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அடித்து வளர்த்திருக்கிறோமே.

இந்தியாவின் முதல் குழந்தைகள் சட்டம் 1920-இல் இயற்றப்பட்டது சென்னை மாகாணத்தில். குழந்தைத் தொழிலாளர் பற்றிய 1996-ஆம் ஆண்டின் பெரிய தீர்ப்பு சிவகாசி தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலிலிருந்து பிறந்தது. இவ்வளவு இருந்தும், ஒரு குழந்தையிடம் தமிழில் எப்படிக் கேள்வி கேட்பது என்று ஒரு தாள் எனக்கு எந்தப் பாடத்திட்டத்திலும் கிடைக்கவில்லை. என்னிடம் விட்டால் பெயர் நீக்கிய சாட்சி வாக்குமூலங்களை மாணவர்களிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் ஒன்பது வயதுக்குப் புரியும்படி திருப்பி எழுதச் சொல்வேன். ஒரு பருவம் முழுக்க அது மட்டும்தான். எதிர்த்தரப்பின் உரிமையைக் குறைக்காமல் எழுத வேண்டும், அங்கேதான் கஷ்டமே.

லெய்டன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 12-ஆம் உறுப்பைப் படித்திருக்காவிட்டால் அந்தச் "சரி" எனக்கும் சாதாரணமாகவே கேட்டிருக்கும். என் ஜூனியருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். போவதற்கு முன் ஆறு மாதம் என்னோடு போக்சோ நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்பது நிபந்தனை. போன வாரம் வந்தாள். மதியத்துக்குள் அவள் நோட்டில் ஒரு பக்கம் நிரம்பியிருந்தது: எதிரி, மேற்படி, சம்பவ இடம், 'என்றால் சரியல்ல' (சாட்சி மறுத்ததை நீதிமன்றத்தில் இப்படித்தான் பதிவார்கள்). "இதற்கெல்லாம் குழந்தைகளிடம் என்ன சொல்வது மேடம்?" என்றாள். மூன்றுக்கு நான் விடை சொன்னேன். 'மேற்படி'க்கு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.