டர்போவுக்குப் பரீட்சை நாலுவழிச் சாலையில் இல்லை, கொண்டை ஊசி வளைவில்

கம்ப்ரெஷன் (பிஸ்டன் கலவையை அழுத்தும் விகிதம்) 10.5 இருக்கிற பெட்ரோல் வண்டியில் டர்போ (எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) போட்டால் பிஸ்டன் போய்விடும் என்று ஒரு கட்சி. கிட்டை வாங்கி மாட்டினால் பறக்கும் என்று இன்னொரு கட்சி. ரெண்டு கட்சியும் பூஸ்ட் (டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தம்) மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பார்க்க வேண்டியது சூட்டை.

சேலத்து ஏப்ரல் வெயிலில் 40 டிகிரி காற்றை வெறும் 0.4 பார் அழுத்தினாலே டர்போவை விட்டு வெளியே வரும்போது கிட்டத்தட்ட 90 டிகிரி. நல்ல இன்டர்கூலர் (அந்தக் காற்றை ஆற்றும் ரேடியேட்டர்) அதை 55-க்கு இறக்கும், ஆனால் எதிர்காற்று அடித்தால்தான். பெங்களூரு ரோட்டில் 100-ல் போகும்போது அடிக்கும். அடிவாரம் தாண்டி ஏற்காடு ஏறும்போது? 20 கொண்டை ஊசி, ரெண்டாவது கியர், வேகம் 25, ஆக்சிலரேட்டர் முழு மிதி. இன்டர்கூலரே அடுப்பில் வைத்த தோசைக்கல் ஆகிவிடும். ஆர்பிஎம் குறைவு, லோடு அதிகம் என்பதால், எரியாமல் மிச்சமிருக்கிற கலவை தானாக வெடிக்க அவகாசமும் நிறைய. தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கின சத்தம் கேட்கும். அதுதான் நாக்கிங். முதல் ரிங்குக்கும் ரெண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கிற பிஸ்டன் விளிம்புதான் பெரும்பாலும் முதலில் உடையும்.

அதனால் கம்பெனி கொடுத்த ஸ்டாக் பிஸ்டனை வைத்துக்கொண்டு 0.4 பாரைத் தாண்டாதீர்கள் என்பேன். வேஸ்ட்கேட் (பூஸ்ட் எல்லை தாண்டாமல் எக்ஸாஸ்டைத் திருப்பிவிடும் கதவு) ஸ்பிரிங்கே அந்த அளவில் இருக்கட்டும். ஸ்பிரிங்குக்குக் கீழே எந்த கன்ட்ரோலராலும் பூஸ்டைக் குறைக்க முடியாது. வேலையைத் தொடங்கும் முன் கம்ப்ரெஷன் டெஸ்ட், லீக் டெஸ்ட் ரெண்டும் பாருங்கள். ஒரு சிலிண்டர் சோர்ந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பலரும் கோட்டை விடுவது மேப் சென்சாரில், அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சாரில். டர்போ இல்லாத வண்டியின் சென்சாருக்கு வெளிக்காற்று அழுத்தத்துக்குச் சற்று மேலே வரைதான் கண் தெரியும். அதற்கு மேல் ஈசியூவுக்கு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) குருட்டு ஓட்டம். பெட்ரோல் பத்தாமல் கலவை மெலியும். 2.5 பார் சென்சார், அதைப் படிக்கத் தெரிந்த ஈசியூ, 130 குதிரைத்திறன் குறி என்றால் நிமிஷத்துக்கு 260 சிசி தரும் நாலு இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீச்சுவது), வைட்பேண்ட் லாம்டா மீட்டர் (எக்ஸாஸ்டை வைத்துக் கலவையை அளப்பது). இதில் ஒன்றுக்குக் காசில்லை என்றால் டர்போவுக்கும் காசில்லை என்றே அர்த்தம்.

பூஸ்டில் கலவை, அதாவது ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காற்று எடையில் எத்தனை பங்கு என்பது, 11.5-லிருந்து 12-க்குள். 1 பிஎஸ்ஐக்கு 1 டிகிரி என்று டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) பின்னால் இழுங்கள், 0.4 பாருக்கு ஆறு டிகிரி. இன்டேக் சூடு 50-ஐத் தாண்டினால் இன்னும் இழுக்கும்படி ஈசியூவின் டைமிங் அட்டவணையில் எழுத வேண்டும். அதற்காக அளவில்லாமல் இழுத்தால் எக்ஸாஸ்ட் சூடேறி டர்பைன் செக்கச் சிவக்கும். பெட்ரோல் 95 ஆக்டேனுக்குக் குறையக் கூடாது. பிளக் ஒரு படி கோல்டு (சூட்டைச் சீக்கிரம் கடத்துவது), கேப் (பொறி தாவும் இடைவெளி) 0.7 மி.மீ.

மலை ஏறி இறங்கிய பிறகு, இன்ஜின் ஆறினதும் பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானை லென்ஸில் பாருங்கள். மிளகுப்பொடி தூவின மாதிரி புள்ளி, நடுவே மினுக்கும் பொடி மணி தெரிந்தால் அது உங்கள் பிஸ்டனின் அலுமினியம். வண்டியை எடுக்காதீர்கள்.

இன்னொன்று. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 0.85 பார்தான். அதே 0.4 பூஸ்டுக்கு மொத்தம் 1.25, கீழே 1.4. "மேலே இழுக்கலை" என்று ஏற்காட்டிலேயே பூஸ்டைத் திருகி ஏற்றிவிட்டு, மறந்துபோய் கீழே ஓமலூர் ரோட்டில் மிதிக்கிறவர்கள்தான் ஹெட் கேஸ்கெட் வாங்கப் போகிறவர்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றக் கூடாது. இன்சூரன்ஸும் கைவிரிக்கலாம். தெரிந்தே இறங்குங்கள்.

டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் வளைவில்லாமல் கீழ்நோக்கிச் சரிந்து, சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். அது சரியில்லாமல் டர்போவில் ஆயில் தேங்கி நீலப்புகை வந்தால் டர்போவைத்தான் குற்றம் சொல்லி மாற்றுகிறார்கள், புதுசும் அதே மாதிரி புகைகிறது.