மின்னஞ்சலில் ஆடுவோம், அதையும் தமிழில் ஆடுவோம்

பலகை ஆட்டம் ஆடும் நண்பர்கள் சிலர், மின்னஞ்சல் வழியாக ஆடுவதை இரண்டாம் தரமாகவே பார்க்கிறார்கள். நேரில் கூட முடியாதவர்கள் வேறு வழியில்லாமல் செய்வது என்று நினைப்பு. நான் அப்படி நினைக்கவில்லை. நேரில் ஆடுவது எனக்கும் பிடிக்கும். ஆனால் மின்னஞ்சல் ஆட்டம் அதன் நகல் இல்லை. அதற்குத் தனிச் சுவை உண்டு, தனி ஒழுங்கு உண்டு. சிங்கப்பூரில் வேலையும் குடும்பமுமாக ஓடிக்கொண்டிருக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் இல்லை என்றுகூடச் சொல்வேன்.

தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். ரோல்ப்ளேயிங் கேமில் ஒருவர் கதையை நடத்துவார். அவரை ஜிஎம் என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். "படகு கரை தட்டுகிறது, இருட்டில் மூன்று பேர் விளக்கோடு நிற்கிறார்கள், என்ன செய்கிறீர்கள்?" என்று ஜிஎம் கேட்பார். நீங்கள் சொல்வதைப் பொறுத்தும் பகடை விழுவதைப் பொறுத்தும் கதை நகரும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளியானதிலிருந்து உலகம் முழுக்க இப்படி ஆடுகிறார்கள். மின்னஞ்சலில் ஆடும்போது ஜிஎம் காட்சியை எழுதி அனுப்புவார். கெடு நாளுக்குள் எல்லாரும் பதில் எழுத வேண்டும். அவற்றைச் சேர்த்து, பகடை உருட்டி, என்ன நடந்தது என்று அடுத்த காட்சியை எழுதுவார். அவ்வளவுதான்.

தூரத்தில் இருந்து ஆடுவது ஒன்றும் புதிதில்லை. 1824இல் தொடங்கி 1828 வரை லண்டன் சதுரங்க மன்றமும் ஸ்காட்லாந்தின் எடின்பரோ மன்றமும் தபாலில் காய் நகர்த்தி மோதின. எடின்பரோ வென்றது. ஸ்காட்ச் ஆட்டம் என்ற தொடக்க முறைக்கு அந்தப் பெயர் வந்ததே அந்தப் போட்டியால்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த கதை டிப்ளமசி என்ற பலகை ஆட்டத்துடையது. முதல் உலகப் போருக்கு முந்திய ஐரோப்பாவின் ஏழு வல்லரசுகள், ஆளுக்கு ஒன்று. பகடையே கிடையாது. பேசி, கூட்டுச் சேர்ந்து, எல்லாரும் ஆணைகளை எழுதி ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். வரைபடத்தில் 34 மையங்கள். 18ஐப் பிடித்தவர் வென்றவர். ஆலன் கால்ஹாமர் 1954இல் இதை வடிவமைத்து 1959இல் தன் செலவில் வெளியிட்டார். 1963இல் ஜான் போர்ட்மன் என்பவர் அதைத் தபாலில் நடத்தத் தொடங்கினார். ஆட்டம் பிடித்துக்கொண்டது. கால்ஹாமர் பிற்பாடு தபால்காரராக வேலை பார்த்தவர் என்பதை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது. அப்புறம் ரிக் லூமிஸ். 1970இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து ஹவாயில் இருந்தபோது தபால்வழி ஆட்டம் நடத்த ஆரம்பித்தார். அதுவே பின்னர் ஒரு நிறுவனமாக வளர்ந்தது. முகாமில் இருந்தபடி ஆட்டம் நடத்திய ஒரு ராணுவ வீரர் என்றால், தேசிய சேவை செய்த நம் பிள்ளைகளுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

டிப்ளமசியை நேரில் ஆடியவர்களுக்குத் தெரியும், முழு நாளும் போய்விடும். அதைவிட, இரண்டு பேர் எழுந்து சமையலறைப் பக்கம் போனாலே மேசையில் உள்ள மற்ற ஐந்து பேருக்கும் விஷயம் புரிந்துவிடும். மின்னஞ்சலில் அந்தச் சிக்கல் இல்லை. துருக்கி யாருக்கு எழுதுகிறது, இத்தாலி ஏன் மூன்று நாளாக எழுதவில்லை, ஒன்றும் தெரியாது. எழுதியது அழியவும் அழியாது. ஆஸ்திரியாவாக ஆடிய ஒருவர் எனக்கு ஆட்டத்தின் வசந்த காலச் சுற்றில் தந்த வாக்கை இலையுதிர் காலச் சுற்றில் அப்படியே வெட்டி ஒட்டி, "இது உங்கள் வரிதானே?" என்று கேட்டேன். அவர் பதில் எழுத இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். வந்த பதில் அவ்வளவு நயமாக இருந்தது, மறுபடியும் நம்பினேன். அப்படி ஒரு பதிலை ஐந்து நிமிடத்தில் வாயால் சொல்லிவிட முடியாது. யோசித்து, அடித்து, திருத்தி எழுத வேண்டும். அந்த இரண்டு நாள் காத்திருப்பும் ஆட்டத்தின் பகுதி.

2022இல் மெட்டா நிறுவனத்தின் சிசரோ என்ற கணினி நிரல் இணையத்தில் டிப்ளமசி ஆடி, ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவர்களில் முதல் 10 விழுக்காட்டுக்குள் வந்தது. ஆங்கிலத்தில் கடிதம் எழுதிப் பேரம் பேசியது. அதனால் இந்த ஆட்டத்துக்கு இனி வேலையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. அறிமுகமில்லாதவரோடு ஆடுவதைவிட, எப்படி எழுதுவார் என்று தெரிந்த நண்பரோடு ஆடும் மதிப்பு இப்போதுதான் கூடியிருக்கிறது.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். எங்கள் குழுவில் ஒருவர் மருத்துவமனைத் தாதி. மூன்று ஷிஃப்ட் மாறி மாறி வரும். ஒருவர் துவாசில் வேலை. ஒருவர் ரிசர்விஸ்ட், அதாவது தேசிய சேவைக்குப் பிந்தைய ராணுவப் பயிற்சிக்கு, போனால் கொஞ்ச நாளைக்கு ஆளே கிடைக்காது. இன்னொருவர் சென்னைக்கே திரும்பிவிட்டார், நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். இவர்களை ஒரு சனிக்கிழமை மாலை தேக்காவில் ஒரே மேசைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. அப்படியே கூடினாலும் யாரோ ஒருவர் பிள்ளையைத் துணைப்பாட வகுப்பிலிருந்து அழைத்துவர எழுந்துவிடுவார். ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரம், எம்ஆர்டியிலோ இரவு எல்லாரும் தூங்கிய பிறகோ, எழுத எல்லாருக்கும் முடிகிறது.

நாங்கள் ஆடிய கதை 1843க்குச் சற்று முந்தைய சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் நடந்தது. அங்கே எழுத்துப் பொறித்த ஒரு பெரும்பாறை இருந்தது. அந்த ஆண்டில்தான் கோட்டை கட்ட இடம் வேண்டும் என்று ஆங்கிலேயர்கள் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை யாரும் உறுதியாகப் படித்துச் சொல்லவில்லை. ரோல்ப்ளேக்கு இதைவிட நல்ல கரு வேண்டுமா? பாத்திரங்கள் எல்லாம் நம்மவர்கள். ஆற்றில் சரக்குப் படகு ஓட்டும் ஒரு சூலியா (தமிழ் முஸ்லிம்), தண்டனைக்காகக் கப்பலேற்றப்பட்டு இங்கே சாலை போடும் ஒரு கைதி, மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கியில் ஒரு கணக்குப்பிள்ளை.

கணக்குப்பிள்ளையாக ஆடியவர் ஒரு வாரம் "நான் இதைச் செய்கிறேன்" என்று எழுதவில்லை. காரைக்குடி முதலாளிக்குக் கணக்குப்பிள்ளை எழுதும் கடிதத்தையே அனுப்பிவிட்டார். வட்டி நிலவரம், பருவக்காற்று தள்ளிப்போனது, கொடுத்த கடன் வராதது. கடைசி வரியில் மட்டும், இரவில் பாறையருகே வெளிச்சம் கண்டதாக ஒரு சேதி. அதற்குப் பிறகு எல்லாரும் மாறிவிட்டார்கள். படகுக்காரராக ஆடிய தாதி, துறைமுகத்தில் வேலை பார்த்த தன் தாத்தாவிடம் படகுச் சொற்களைக் கேட்டு வாங்கி எழுதினார். நேரில் ஆடியிருந்தால் இது வந்திருக்காது. பேச்சில் ஆங்கிலத்துக்கு நழுவிவிடுவோம். எழுதும்போதுதான் சொல்லைத் தேட நேரம் இருக்கிறது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுபவர்கள் 2.5 விழுக்காட்டினர். ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடத்துகிறோம், பள்ளிகளில் கட்டுரைப் போட்டி வைக்கிறோம், எல்லாம் தேவைதான். ஆனால் பள்ளி முடித்த பிறகு, மதிப்பெண்ணும் பரிசும் இல்லாமல், ஆசைக்காக ஒரு பக்கம் தமிழ் எழுத நம் இளையர்களுக்கு என்ன காரணம் இருக்கிறது? இந்த ஆட்டம் ஒரு காரணம். நண்பர் காத்திருக்கிறார், பாத்திரம் ஆபத்தில் இருக்கிறது, வியாழன் இரவுக்குள் எழுதியாக வேண்டும். எழுதுவார்கள். எங்கள் குழுவில் கண்ணால் பார்த்தேன்.

"வாட்ஸ்அப்பில் ஆடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. முயன்று பார்த்தோம். நடுவில் பிறந்தநாள் வாழ்த்து வரும், நீலக் குறி விழுந்தும் பதில் இல்லையே என்று மனத்தாங்கல் வரும், மூன்று வரிக்கு மேல் யாரும் எழுத மாட்டார்கள். மின்னஞ்சல் உடனே பதில் கேட்பதில்லை. அதுதான் அதன் பலம்.

நடத்த விரும்புபவர்களுக்கு முக்கியமாக ஒன்று: சண்டைக் காட்சியில் ஒருவர் பின் ஒருவராக முறை வைக்காதீர்கள். மேசையில் அது சரி, மின்னஞ்சலில் ஒரே சண்டை மாதக்கணக்கில் இழுக்கும். எல்லாரிடமும் ஒரே நேரத்தில், நிபந்தனையோடு கேளுங்கள். "அவர்கள் ஓடினால் விட்டுவிடுவேன், கத்தியை எடுத்தால் ஆற்றில் குதிப்பேன்" என்பதுபோல. கெடுவுக்குள் எழுதாதவர் என்ன ஆவார் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். டிப்ளமசியில் ஆணை வராத படை நின்ற இடத்திலேயே நிற்கும். கதையில் அந்தப் பாத்திரம் அந்த வாரம் காய்ச்சலில் படுத்திருக்கட்டும். இந்த ஆட்டங்களைக் கொல்வது தோல்வி இல்லை, மௌனம். ஒருவர் சொல்லாமல் நின்றுவிட்டால் அடுத்தவரும் தயங்குவார், பிறகு எல்லாமே நின்றுவிடும். விலகுவதானால் ஒரு வரி எழுதிவிட்டு விலகுங்கள். வருத்தம் இல்லை, பாத்திரத்துக்குக் கப்பல் டிக்கெட் போட்டு வழியனுப்பி வைப்போம்.

அடுத்த கதையை, சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த 1942 பிப்ரவரிக்கு முந்தைய மாதங்களில், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழர்களை வைத்து நடத்தப் போகிறேன். ஐந்து இடம். முன் அனுபவம் தேவையில்லை, பிழையில்லாத் தமிழும் தேவையில்லை. உங்கள் பாத்திரம் யார், எந்த ஊரிலிருந்து வந்தார், யாருக்குப் பணம் அனுப்புகிறார் என்று நான்கு வரி எழுதி உள்பெட்டியில் போடுங்கள். கெடு வழக்கம்போல் வியாழன் இரவு 10 மணி.