குழந்தைக்காக மட்டும் பார்க்கிற வைத்தியம்

மாதவிடாயில் கடும் வலி தரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய் இருப்பது நம் ஊரில் நிறைய பெண்களுக்கு எப்போது தெரியவருகிறது? கல்யாணமாகி ரெண்டு வருஷமாகியும் விசேஷம் இல்லையே என்று குழந்தையின்மை சிகிச்சைக்குப் போகும்போது. பள்ளிக்கூடம் படிக்கும் வயதிலிருந்தே மாதாமாதம் சுருண்டு படுத்தவள்தான் அவள். அப்போதெல்லாம் ஒரு மாத்திரையும் வெந்நீர்ப் பையும் போதும் என்றார்கள். குழந்தை என்றதும் ஒரே வாரத்தில் எல்லா டெஸ்ட்டும் நடக்கிறது. என் கோபமே இதில்தான்.

என் சித்தி மகளுக்கும் அப்படித்தான் தெரிந்தது. என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தால், ஸ்பீடு பிரேக்கர் வருவதற்கு முன்பே என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். அந்த ஒரு குலுக்கல் அவளுக்கு அடிவயிற்றில் இறங்கும். தீட்டு நாட்களில் காலைக்கடன் கழிக்கவே பயப்படுவாள். இதைப் போய் யாரிடம் சொல்வது என்று வருஷக்கணக்கில் வாயே திறக்கவில்லை.

சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி உருவான சாக்லேட் கட்டியை, வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனில் எடுத்தார்கள். வலி குறைந்தது, உண்மை. ஆனால் முழுசாகப் போகவில்லை. அப்புறம் தீட்டு இல்லாத நாளிலும் வலித்தது. திரும்பப் போனால், "ஸ்கேன் கிளியரா இருக்கும்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளிடம் சொல்கிற பதிலா இது?

கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே சினைப்பை, குடல், மூத்திரப்பை என்று எங்கெங்கோ வளர்வதுதான் இந்த நோய். அது வளர்ந்த இடம் அழற்சியாகும், தழும்பாகும், உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சின்னச் சின்னப் படிவுகள் சாதாரண ஸ்கேனில் தெரியாமலே போகலாம். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கும் வலி எவ்வளவு என்பதற்கும் நேர் கணக்கு கிடையாது. வருஷக்கணக்கில் வலித்து வலித்து, சின்ன வலியையும் பெரிதாக உணரும் அளவுக்கு நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடலாம். கர்ப்பப்பையையும் குடலையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் இறுகிப்போகலாம். கட்டியை எடுத்த பிறகும் அந்த வலி போகாமல் தொடரலாம். அதற்குத் தனியாக மருந்து பார்க்க வேண்டும், அந்தத் தசைகளைத் தளர்த்தத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் வேண்டும். நம் பக்கம் எத்தனை பேரை அங்கே அனுப்புகிறார்கள்?

இது ஏதோ அபூர்வ நோயும் இல்லை. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு, உலகம் முழுக்க 19 கோடிப் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. லேப்ராஸ்கோப்பி செய்து பார்த்தால்தான் சிகிச்சை என்று காத்திருக்கவும் வேண்டாம். அறிகுறியை வைத்தே ஹார்மோன் மருந்து தொடங்கிப் பார்க்கலாம் என்று ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டியே 2022-இல் சொல்லிவிட்டது.

"ஒரு குழந்தை பெத்துட்டா சரியாயிடும்" என்பதை தயவுசெய்து நிறுத்துங்கள். சிலருக்குக் கர்ப்ப காலத்தில் வலி தணியும், பிறகு திரும்ப வரும். வலியோடு இருக்கிறவளுக்குப் பிள்ளையை மருந்தாக எழுதிக் கொடுப்பது என்ன நியாயம்?

பிள்ளை பெற்றவர்களிடம் அடுத்து சொல்வது, "இனி எதுக்கு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்". நோய் இருப்பது கர்ப்பப்பைக்கு வெளியே. அதை எடுத்தும் வலி தொடர்கிறவர்கள் இருக்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் கேளுங்கள்: வெளியே இருக்கும் திசுவையும் எடுக்கப் போகிறீர்களா? சினைப்பையை என்ன செய்வீர்கள்? அதற்குப் பிறகும் வலித்தால் யாரிடம் அனுப்புவீர்கள்?