மழைக்கு முந்தின கணக்கு

எங்கள் வீட்டு நடைச் சுவரில் மூன்று கோடுகள் இருக்கின்றன. 2015, 2021, 2023. ஒவ்வொரு முறையும் வெள்ளம் நின்ற உயரத்தைக் காட்டுபவை. முதல் இரண்டும் தண்ணீர் வடிந்த பிறகு என் மகன் கரிக்கட்டையால் இழுத்துவிட்டவை. சுண்ணாம்பு அடிக்க வருகிறவரிடம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்வோம். ஞாபகார்த்தம் எல்லாம் இல்லை. புரட்டாசி வந்ததும் அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் எதை எவ்வளவு உயரத்துக்குத் தூக்குவது என்று முடிவு செய்கிறோம். ஹாலோ பிளாக் கல்லை மூன்றாக அடுக்கினால் 2021 கோட்டைத் தாண்டிவிடும். 2023க்கு நாலு வேண்டும். 2015க்குக் கல் பத்தாது, பரண்தான்.

நாங்கள் இருப்பது சடையங்குப்பம். 2011ல் எங்கள் ஊராட்சியைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். அதனால் யாராவது கேட்டால் சென்னை என்று சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் வாசலில் இரண்டு மாடு, பக்கத்தில் வைக்கோல், வேலியில் சுண்டைக்காய்ச் செடி, வேலிக்கு அந்தப் பக்கம் கண்டெய்னர் யார்டு. கிராமமா நகரமா என்று எங்களுக்கே தெரியாத ஒரு இடம்.

மழைக்காலத்தில் டிவியில் வெள்ள அபாய எச்சரிக்கை வாசிப்பார்கள் இல்லையா, புழல் ஏரி உபரிநீர் திறப்பு, வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி என்று வரிசையாக ஊர்ப்பெயர் வரும். கடைசியில் சடையங்குப்பம். பூண்டி ஏரியைத் திறந்தாலும் கொசஸ்தலை ஆற்றோரப் பட்டியலில் மணலி புதுநகருக்குப் பிறகு நாங்கள், எங்களுக்குப் பிறகு எண்ணூர், அப்புறம் கடல். இரண்டு பட்டியலிலும் வால் பக்கம். இதன் அர்த்தம் என்னவென்றால், மற்ற ஊர்களுக்கு மழை பெய்யும்போது வெள்ளம் வரும், எங்களுக்கு மழை விட்டபிறகு வரும். வானம் வெளுத்து, துணி காயப் போடலாமா என்று யோசிக்கிற நேரத்தில் பின்பக்கமாகத் தண்ணீர் ஏறும். அப்போது எண்ணூர் முகத்துவாரத்தில் கடலும் ஏற்றத்தில் இருந்தால் போச்சு, தண்ணீர் போக வழியில்லாமல் இங்கேயே படுத்துக்கொள்ளும்.

சரி, வெள்ளத்தைப் பற்றி எழுதத்தான் எல்லோரும் இருக்கிறார்களே. நான் எழுத வந்தது வெள்ளத்துக்கு முந்தின செலவைப் பற்றி.

போன வாரம் சாயங்காலம் என் மகன் போனில் ஒரு வீடியோவை என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, காட்டிக்கொண்டிருந்தான். ஏதோ ஒரு குளிர் தேசத்துக் கிராமம். ஒரு பெண் பனிக்காலத்துக்குத் தயாராகிறாள். விறகைப் பிளந்து சுவர் மாதிரி அடுக்குகிறாள், காய்கறியைப் பாட்டிலில் போட்டு மூடுகிறாள், உருளைக்கிழங்கை நிலவறையில் கொட்டுகிறாள், மாட்டுக்குப் புல் கட்டி வைக்கிறாள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் பார்த்தார். "இவளுக்குப் பனி, நமக்குத் தண்ணி. வேல ஒண்ணுதான் மே" என்றார் என்னிடம். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா பாரு, வெறகுக்கு அவ காசு குடுக்கல."

அந்த வார்த்தைதான் ஒரு வாரமாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மழைச் செலவுக்கென்றே தனி நோட்டு. 2015க்குப் பிறகு ஆரம்பித்தது. 2025ஆம் வருஷப் பக்கத்தைப் பார்க்கிறேன். தார்ப்பாய், ஹாலோ பிளாக் பத்து, சிமெண்ட் ஷீட்டு விரிசலுக்கு எம்சீல், நைலான் கயிறு, வைக்கோல் கட்டு, தவிடு, புண்ணாக்கு, விறகு, மெழுகுவர்த்தி, கொசுவத்தி, பிளீச்சிங் பவுடர், தண்ணீர் கேன். இதில் வைக்கோல், விறகு, கூரை, கயிறு, கொசுவுக்குப் புகை, இவை எதுவும் அத்தை கல்யாணமாகி வந்த காலத்தில் கடையில் வாங்குகிற சாமான் இல்லை. கரையோரம் பனை நின்றது. ஓலை வெட்டிக் கூரை மேய்கிறவருக்குக் கூலி நெல்லாகப் போனது. விறகென்றால் வேலிகாத்தான், கத்தியை எடுத்துக்கொண்டு போனால் வெட்டிக்கொண்டு வரலாம். நான் வந்த 2001லேயே கூட அது இருந்தது. கை முழுக்க முள் குத்திய தழும்போடு முதல் தீபாவளிக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். கொசுவுக்குச் சாணி வறட்டியும் வேப்பிலையும். மழைநாளில் ஆற்றில் மடவையோ இறாலோ கையால் தடவிப் பிடித்துக்கொண்டு வருவார்கள். உப்பு அத்திப்பட்டு உப்பளத்திலிருந்து மூட்டையாக வரும்.

இப்போது பனை இருந்த இடத்தில் லாரி நிற்கிறது. வேலிகாத்தான் காடு யார்டு ஆகிவிட்டது. விறகு கிலோ கணக்கில் வாங்குகிறோம், அதுவும் ஈரமாகத்தான் தருகிறார்கள், எடை நிற்க வேண்டாமா.

விலைவாசி ஏறிவிட்டது என்று நாம் எல்லோரும் பேசுகிறோம். தக்காளி, எண்ணெய், சிலிண்டர் என்று சொல்கிறோம். ஏற்கெனவே விலை இருந்த சாமான்களின் விலை ஏறிய கதை அது. விலையே இல்லாமல் இருந்த சாமான்களுக்கு விலை வந்த கதையை யாரும் எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. என் நோட்டில் பாதிக்கு மேல் அந்த வகைதான்.

பழைய காலம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ஓலைக் கூரை ஒழுகும், பல்லி விழும், தீபாவளிக்கு ஒரு ராக்கெட் வந்து விழுந்தால் தெருவே போய்விடும். விறகடுப்புப் புகையில் அத்தைக்குக் கண் போனது பாதி. காஸ் வந்தபோது கும்பிட்டு வாங்கினோம். ஆனால் காஸையே நம்பி வாழ ஆரம்பித்த பிறகு அது ஏறினால் ஏறவும் இறங்கினால் இறங்கவும் வேண்டியிருக்கிறது. 2023 மார்ச்சில் சென்னையில் சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசு. அந்த ஆகஸ்ட் கடைசியில் 200 குறைந்தது, அடுத்த மார்ச்சில் இன்னொரு 100. 2025 ஏப்ரலில் 50 ஏறி 868 ரூபாய் 50 காசு ஆனது. குறைந்தது குறைந்ததுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். என் பிரச்சினை வேறு. எங்களிடம் ஒற்றை சிலிண்டர். கார்த்திகை நடுவில் தீர்ந்தால் தண்ணீர் நிற்கிற தெருவுக்குள் வண்டி வராது. அதனால் பாதி காஸ் இருக்கும்போதே எங்கே மாற்றுவது, யாரிடம் கைமாற்று வாங்குவது என்று புரட்டாசியிலேயே பேசி வைக்க வேண்டும். விறகு அதற்காகத்தான். அதாவது, காஸுக்கும் காசு, காஸ் வராத நாளுக்கும் காசு.

2025 செப்டம்பர் 22ல் ஜிஎஸ்டி குறைந்ததில் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு வரி 18லிருந்து 5 சதவீதம் ஆனது. நல்லது. வைக்கோலுக்கு வரியே கிடையாது. அது மட்டும் ஏறிக்கொண்டே போகிறது!

வைக்கோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் பெரிய சண்டையே அதில்தான் வரும். பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் சொர்ணவாரி அறுப்பு முடிந்ததும் மெஷின் சுருட்டிய கட்டு வரும். அப்போது வாங்கினால் மலிவு, ஆனால் அப்போது கையில் காசு இருக்காது. காசு கிடைக்கிற ஐப்பசியில் கட்டு விலை ஏறியிருக்கும், பாதி நனைந்தும் இருக்கும். நனைந்த வைக்கோல் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். அதைப் போட்டால் மாடு மூக்கைத் திருப்பிக்கொள்ளும், தின்றால் வயிறு கெடும். 2023ல் என் வீட்டுக்காரர் இருபது கட்டு மொத்தமாக வாங்கிச் செங்கல் மேல் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினார். மூடினாரே தவிரக் கட்டவில்லை. "இவ்ளோ வெயிட்டு, எங்க போகும்" என்றார். மிக்ஜாம் புயல் வந்த மறுநாள் காலையில் தார்ப்பாயோடு சேர்ந்து இருபது கட்டும் மிதந்து யார்டு சுவரில் போய் ஒட்டிக்கொண்டு நின்றன. தண்ணீரில் எண்ணெய் வேறு. அந்த டிசம்பர் வெள்ளத்தில் பக்கிங்காம் கால்வாயிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் கலந்த எண்ணெய்க் கதை உங்களுக்குத் தெரியும். சுவரில் 2023 கோட்டுக்கு மட்டும் என் மகனுக்குக் கரிக்கட்டையே தேவைப்படவில்லை.

மாடுகளை அப்போது நான்கு நாள் மேட்டு ரோட்டில் கட்டி வைத்திருந்தோம். அத்தையும் கூடவே. எவ்வளவு கூப்பிட்டும் மண்டபத்துக்கு வரவில்லை.

அந்த முறை அரசாங்கம் ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து 6,000 ரூபாய் தந்தது. எங்களுக்கும் வந்தது. மிக்ஸிக்கு மோட்டார் மாற்றி, மெத்தை ஒன்று வாங்கி, மிச்சத்தில் கடனைக் கொஞ்சம் அடைத்தோம். நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் பணத்தில் பாதியைப் புரட்டாசியில் கொடுத்தால் என்ன? வேண்டாம், பணமாகக் கூட வேண்டாம். பட்டியலில் வால் பக்கம் இருக்கிற ஊர்களுக்கு நல்ல கனமான தார்ப்பாய் ஒன்று, அடுத்த மாத ரேஷனை முன்கூட்டியே, மாடு இருக்கிற வீட்டுக்கு நாலு கட்டு வைக்கோல். ஊர்ப்பெயர்தான் வருஷா வருஷம் டிவியில் வாசிக்கிறார்களே, யாருக்குக் கொடுப்பது என்று தேடவும் வேண்டாம். நனைந்துபோன மெத்தைக்கு நிவாரணம் உண்டு. நனையாமல் காப்பாற்றிய மெத்தைக்கு நானே நாலு கல் வாங்கியிருக்கிறேன், அது யாருடைய கணக்கிலும் இல்லை.

ரேஷன் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அரிசி விலையில்லை, துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. வெளியில் சமையல் எண்ணெய் போகிற போக்குக்கு இந்த மூன்றும் இல்லாவிட்டால் என் நோட்டை மூடி அடுப்பில் போட்டிருப்பேன். மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகையும் அப்படித்தான். ஆவணியில் வந்தது புண்ணாக்காகவும் புரட்டாசியில் வந்தது தார்ப்பாயின் பாதியாகவும் ஆகிவிட்டது. தேங்காய் எண்ணெய் மட்டும் இந்த வருஷம் தலைக்குத் தடவவே யோசிக்க வேண்டியிருக்கிறது. அத்தை, "எனக்கு இன்னா முடி, நீ வச்சிக்கோ" என்கிறார். அவருக்குத்தான் எங்கள் வீட்டில் முடி அதிகம்.

"ஏன் அங்கேயே இருக்கிறீர்கள், வேறு இடம் பார்க்கலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. போன வருஷம் என் மகனின் கல்லூரியில் ஒருவர் அக்கறையாகவே கேட்டாராம். நாங்கள் தண்ணீர் வருகிற இடத்தில் போய்க் குடியேறவில்லை ஐயா. நாங்கள் இருந்த இடத்தில்தான் இருக்கிறோம். சுற்றி எல்லாம் மண் கொட்டி மேடாக்கிவிட்டார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் வீட்டுக்காரர் ஒப்பந்தத் தொழிலாளி, தீபாவளி போனஸ் என்பது அடுத்தவர் வீட்டுச் செய்தி. தீபாவளிச் சீட்டில் பட்டாசும் ஸ்வீட்டும் வந்துவிடும். மழைச் செலவுக்கு என் கம்மல். புரட்டாசியில் அடகுக் கடைக்குப் போனால் தையில் திரும்பி வரும். பத்து வருஷமாக இப்படித்தான். வெள்ளம் வந்தாலும் அது மட்டும் பத்திரமாக இருக்கும். 2025ல் சவரன் 90,000 ரூபாயைத் தொட்டுவிட்டதால் அதே கம்மலுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். இந்த விலைவாசியில் எனக்கு லாபமாக நடந்த ஒரே சங்கதி. வட்டியும் கூடும், அது தையில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்றைக்குக் காலையில் பரணை ஒழித்தோம். ரேஷன் கார்டு, பத்திரம், மகனின் சான்றிதழ் எல்லாவற்றையும் இரண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசி டப்பாவுக்குள் வைத்தாயிற்று. பங்குனியில் காசிமேட்டில் வாங்கின நெத்திலியும் சென்னாக்குன்னியும் டின்னில் இருக்கின்றன. புரட்டாசி விரதம் என்பதால் யாரும் கை வைக்கவில்லை, அது ஒரு நல்லது. கார்த்திகையில் காய்கறி வண்டி வராத நாட்களில் மாங்காய் வத்தலைப் போட்டு அந்தக் கருவாட்டில் ஒரு குழம்பு வைத்தால் மூன்று வேளை ஓடும். சேற்றுப்புண்ணுக்கு வேப்பெண்ணெயும் மஞ்சளும் அத்தை குழைத்து வைத்துவிட்டார்.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். சுண்டைக்காய் வத்தல் டப்பா வந்தபோது பேனா நின்றது. வேலியில் காய்த்தது, மோரில் ஊறவைத்துச் சித்திரை வெயிலில் காயவைத்தது. எவ்வளவு என்று போட? அத்தையைக் கேட்டேன். "டப்பா எவ்ளோ?" என்றார். நாற்பது ரூபாய். அதைப் போட்டேன்.

தார்ப்பாய் ஒன்று இன்னும் குறைகிறது, மாட்டுக் கொட்டகைக்கு. பதினெட்டுக்கு இருபத்துநாலு அடி. மாதவரம், மூலக்கடை பக்கம் எங்கேயாவது நியாயமான விலையில் பார்த்திருந்தால் சொல்லுங்கள். நீலக் கலர் வேண்டாம், அது ஒரு மழைக்குத்தான் தாங்குகிறது.