ஒரு கவிதை சொல்லு, பார்ப்போம்!

மூன்றாம் ஆண்டு இயற்பியல் படிக்கிறேன். சிறுகதை எழுதுவேன். இதில் இரண்டாவது வாக்கியத்தை இனி வாய் தவறியும் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

சொன்ன அடுத்த நொடியே, "அப்படியா, ஒரு கவிதை சொல்லு!" கதை எழுதுகிறவனிடம் எதற்கய்யா கவிதை? பல் டாக்டரிடம் போய் முட்டிவலி என்றா சொல்வீர்கள்?

விடுதி அறைத் தோழனுக்குக் காதல் கடிதம். துறை விழாவுக்கு வரவேற்புரை, அதே விழாவுக்கு நன்றியுரை. பெரியப்பா மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வாசகம். "நிகழும் மங்களகரமான" என்று காலங்காலமாக ஓடுவதில் நான் புதிதாக என்ன சேர்ப்பது? டீக்கடை அண்ணன் போர்டுக்கு 'பழரசமா, பலரசமா' என்று கேட்டார். அவரை மன்னிக்கலாம். அவர் கடையில் இரண்டும் கிடைக்கும்.

நான் எழுதுவது இரவு 11 மணிக்கு மேல், ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில், பென்சிலால். ஒரு பத்தியை மூன்று முறை அழித்து நாலாவது முறை தொடங்கும்போதுதான் தோளுக்கு மேலே ஒரு தலை நீளும்: "என்னடா, டைரியா?" சரி, போனில் எழுதலாம் என்றால் 'அவள்' என்று அடித்தால் 'அவல்' என்று திருத்துகிறது. கதாநாயகி சிற்றுண்டியாகிவிட்டாள்!

அம்மா மட்டும் தெளிவு. "இதைப் பரீட்சைத் தாள்ல எழுதியிருந்தா அரியர் வந்திருக்குமா?"

நேற்று பக்கத்து வீட்டு மாமா, "சினிமாவுக்குப் பாட்டு எழுத வேண்டியதுதானே?" என்றார். எழுதிடலாம், மாமா. காலையில் டியூன் அனுப்பிவிடுங்கள்.