பின் சீட்டில் அம்மா

போன தை மாசம் ஒரு கல்யாணத்துக்காகக் கேரளப் பக்கம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குக் கிளம்பினோம். நான் ஓட்டினேன். பக்கத்தில் மாமா. பின்னால் அம்மாவும் அக்காவும், அக்கா மடியில் இரண்டு வயசு மகள். எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டியதும் மாமா சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, "அப்பாடா, தமிழ்நாடு வந்தாச்சு" என்று காலை நீட்டிக்கொண்டார்.

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியும். கேரளத்துக்குள் நுழையும்போது ஒரு க்ளிக், வெளியே வரும்போது ஒரு க்ளிக். வாளையாரிலும் அப்படித்தான், வேலந்தாவளத்திலும் அப்படித்தான். 2023 ஜூன் 5-லிருந்து கேரளத்தில் ஏஐ கேமராக்கள் அபராதம் போட ஆரம்பித்த பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம். இதில் வேடிக்கை என்னவென்றால், பெல்ட் போடாததற்குக் கேரளத்தில் அபராதம் 500 ரூபாய், தமிழ்நாட்டில் 1000. இரண்டு மடங்கு அதிகம் உள்ள பக்கத்தில் வந்துதான் மாமா அவிழ்க்கிறார். கேட்டால், "அங்க கம்பத்து மேல கண்ணு இருக்குது. இங்க ஆளு நின்னாத்தானே?" என்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வளைவில் இளநீர் ஏற்றிய டெம்போ ஓரமாக நின்றிருந்தது. அதன் மறைவிலிருந்து ஒரு வெள்ளாட்டுக் குட்டி துள்ளிக்கொண்டு நடுரோட்டுக்கு வந்தது. நாற்பதில்தான் போய்க்கொண்டிருந்தேன். பிரேக்கை ஏறி மிதித்தேன். குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியில் ஒரு கீறல் இல்லை. மாமா இரண்டு கையையும் டேஷ்போர்டில் ஊன்றித் தப்பித்தார். பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது, தேங்காயைத் துணியில் சுற்றித் தரையில் போட்ட மாதிரி. அம்மாவின் முகம் என் சீட்டின் பின்பக்கத்தில் மோதியிருந்தது. உதடு கிழிந்து பட்டுப்புடவையில் ரத்தம். அதைவிட மோசம், விழாமல் இருக்கக் கையை நீட்டியதில் இடது மணிக்கட்டில் விரிசல். பந்தியில் உட்கார வேண்டிய நேரத்தில் எக்ஸ்ரேவுக்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஆறு வாரம் மாவுக்கட்டு.

இது விபத்தே கிடையாது. எதிலும் மோதவில்லை. வெறும் பிரேக்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து பின் சீட்டில் பெல்ட்டைத் தேடினேன். பெல்ட் மேலே தொங்குகிறது, அதன் நாக்கும் இருக்கிறது. அதைச் செருக வேண்டிய லாக் எங்கேயும் இல்லை. வண்டி வாங்கிய வாரமே ரெக்சின் கவர் போட்டோம். போட்டவர் மூன்று லாக்கையும் கீழே அமுக்கி, அதன் மேல் கவரை இழுத்துப் பின்னால் கொக்கி போட்டிருக்கிறார். "பின்னாடி யாருங்க பெல்ட் போடறாங்க, உக்காந்தா குத்தும்" என்று அன்றைக்கு அவர் சொன்னதும், நான் தலையாட்டியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கவரை அவிழ்த்து, கரண்டிக் காம்பை விட்டு நெம்பி எடுத்தேன். லாக்கோடு சேர்ந்து வெளியே வந்தவை: இரண்டு ஹேர்பின், ஒரு ஐந்து ரூபாய் நாணயம், கல்லாகிப்போன கடலை மிட்டாய், பழனி பஞ்சாமிர்த டப்பாவின் மூடி. ஏழு வருஷமாக எங்கள் குடும்பம் அந்த லாக்கின் மேல் உட்கார்ந்து போயிருக்கிறது.

அப்புறம் யோசித்தால் ஒன்று உறைக்கிறது. பின் சீட்டில் நாம் யாரை உட்கார வைக்கிறோம்? அம்மாவை, மாசமாக இருக்கும் பெண்ணை, குழந்தையை, புது மாப்பிள்ளையை. மரியாதைக்குரியவர்களும் செல்லமானவர்களும் பின்னால். "பின்னாடி உக்காருங்க, சௌகரியமா இருக்கும்" என்கிறோம். கேமரா பார்ப்பது முன் கண்ணாடியை, அதனால் முன்னால் இருக்கும் இரண்டு பேர் கட்டிக்கொள்கிறோம். யார் மேல் உயிரையே வைத்திருக்கிறோமோ அவர்களை மூட்டை மாதிரி அப்படியே வைத்து ஓட்டுகிறோம்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138-ம் விதி, முன்பக்கம் பார்த்த பின் சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும் என்று ரொம்ப காலமாகவே சொல்கிறது. யார் கேட்டோம்? 2022 செப்டம்பர் 4-ம் தேதி மகாராஷ்டிரத்தில் பால்கர் பக்கத்தில் பாலத்துச் சுவரில் மோதிய விலையுயர்ந்த காரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது ஒரு வாரம் நாடே பின் சீட் பெல்ட்டைப் பற்றிப் பேசியது. முன்னால் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள், பின்னால் இருந்த இருவரும் போய்விட்டார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போடவில்லை என்றது போலீஸ். அந்தக் காரில் ஏர்பேக்குக்கா பஞ்சம்?

அதே 2022-ல் பெல்ட் போடாததால் இறந்தவர்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொடுத்த கணக்கு 16,715 பேர். அதில் ஓட்டுநர்கள் 8,384, பயணிகள் 8,331. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. சும்மா கூட உட்கார்ந்து வந்தவர்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு எனக்குத் தெரிந்த ஒரே கணக்கைச் சொல்கிறேன். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலாவது மோதி நிற்பதும், பதினாலு மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதும் வேகத்தில் ஒன்றுதான். பதினாலு மீட்டர் என்றால் நல்லா வளர்ந்த ஒரு தென்னை. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் கள் இறக்குபவர்களைத் தினமும் பார்க்கிறோம், அந்த உயரத்தில் ஒருத்தர் சறுக்கினால் என்ன ஆகும் என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அறுபதில் போகும் காருக்குள் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது தென்னை உச்சியில் இருக்கிறோம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. என் நாற்பதே கூட இரண்டு மாடி.

ஏர்பேக் விஷயத்துக்கு வருவோம். இப்போதெல்லாம் கார் வாங்கப் போனால் முதலில் கேட்பது "எத்தனை ஏர்பேக்?" என்பதுதான். நல்ல கேள்வி. என் வண்டி 2018 மாடல், ஓட்டுநருக்கு மட்டும் ஒன்று. புது கார்களில் அந்த ஒன்றுகூட 2019 ஜூலையில்தான் கட்டாயமானது. பக்கத்து சீட்டுக்கும் வேண்டும் என்பது 2021 கடைசியில்தான் எல்லா மாடலுக்கும் வந்தது. ஆக, மாமா கையை ஊன்றிய டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒன்றுமே கிடையாது, அவருக்கு இன்றுவரை அது தெரியாது. ஆறு ஏர்பேக் கட்டாயம் என்ற பேச்சு 2022-ல் வந்தது, ஒரு வருஷம் தள்ளிப்போனது, கட்டாயமாக்கப் போவதில்லை என்று 2023 செப்டம்பரில் நிதின் கட்கரியே சொல்லிவிட்டார்.

அந்த ஆறு எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். வழக்கமாக முன்னால் இரண்டு, முன் சீட்டுகளின் பக்கவாட்டில் இரண்டு, ஜன்னலுக்கு மேல் திரை மாதிரி இறங்கும் இரண்டு. பின்னால் இருப்பவருக்கு உதவுவது அந்தத் திரை மட்டும்தான், அதுவும் பக்கவாட்டில் இடித்தால். நேராகப் போய் மோதினால் அம்மாவுக்கு முன்னால் இருப்பது என் சீட்டின் முதுகு. ஆறு இருந்தாலும் பத்து இருந்தாலும் சாதாரண காரில் இதுதான் நிலைமை. (சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும் வண்டிக்கு இறுக்கமாக கவர் போட்டால் அது வெடித்து வெளியே வரவே வழி இருக்காது. கவர் கடையில் இதைச் சொன்னால், "எல்லாருக்கும் இதேதான் போடறோம், ஒண்ணும் ஆகாதுங்க" என்கிறார்கள்.)

முன்னால் இருப்பவருக்கும் ஏர்பேக் பெல்ட்டுக்குப் பதில் இல்லை. ஸ்டியரிங் நடுவில் எஸ்ஆர்எஸ் என்று மூன்று எழுத்து இருக்கும், அதில் முதல் எழுத்துக்கு அர்த்தமே 'துணை' என்பதுதான். மோதிய சில மில்லிசெகண்டில் சென்சார் சொல்ல, ரசாயனம் எரிந்து வாயுவாகி, பை நிரம்ப ஒரு செகண்டில் முப்பதில் ஒரு பங்கு நேரம் போதும். கண் இமைப்பதற்குள் நிரம்பி, உடனே இறங்கவும் ஆரம்பித்துவிடும். பெல்ட் உடம்பைப் பிடித்து நிறுத்த, தலையும் மார்பும் சரியான நேரத்துக்குப் பையில் வந்து சாயும் என்ற கணக்கில் செய்தது அது. பெல்ட் இல்லாத உடம்பு பிரேக் போட்டதுமே முன்னால் சரிந்து, பை வெடித்துக் கிளம்பும் அதே நொடியில் அதன் வாயிலேயே போய் நிற்கும். தலையணை என்று நினைத்தது அப்போது முஷ்டி. கார்களின் பாதுகாப்பைப் பார்க்கும் பாரத் என்கேப் மோதல் சோதனையில் 64 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுபோய் மோதி ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள் அல்லவா, அந்த பொம்மைகள் எல்லாமே பெல்ட் போட்டவை. ஷோரூமில் அந்த ஐந்து நட்சத்திரத்தைக் காட்டி விற்கும்போது இதை யாரும் சொல்லுவதில்லை.

எங்கள் வீதியில் ஒருத்தர் கஞ்சிக்கோட்டில் நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் மோதினார். பெல்ட் போட்டிருந்தார், ஏர்பேக்கும் விரிந்தது. பார்க்கப் போனேன். முன்கையில் சூடு பட்ட மாதிரி சிவப்பு, காதில் இரண்டு நாள் இரைச்சல், வண்டிக்குள் பட்டாசு வெடித்த நாற்றமும் வெள்ளைப் பொடியும் என்றார். சட்டையைத் திறந்து காட்டினார். வலது தோளிலிருந்து இடது இடுப்பு வரை நாலு விரல் அகலத்துக்கு ஊதா நிறத்தில் கன்றிப்போயிருந்தது. "திவசத்துக்குப் பூணூலை மாத்திப் போடுவமே, அதே மாதிரி விழுந்திருக்குது பாருங்க. ஆனா திவசம் தள்ளிப்போச்சு" என்று சிரித்தார். சிரித்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், வலி.

அந்தக் கோடு எங்கே விழ வேண்டும் என்பதும் முக்கியம். தோள் எலும்பின் குறுக்கே ஒன்று, இடுப்பு எலும்பின் மேல் ஒன்று. வயிற்றின் மேல் இல்லை. மாசமாக இருப்பவர்களுக்கு வயிற்றுக்கு அடியில். சிலர் உறுத்துகிறது என்று தோள் பெல்ட்டைக் கக்கத்துக்குக் கீழே விட்டுக்கொள்வார்கள், அது விலாவை ஒடிக்கும் ஏற்பாடு. இந்த மூன்று முனை பெல்ட்டை 1959-ல் வால்வோவில் செய்த நில்ஸ் போலின் அதற்கு முன்னால் விமானத்திலிருந்து விமானியைத் தூக்கி எறியும் இருக்கைகளைச் செய்தவர். கம்பெனி காப்புரிமையை வைத்துக் காசு பார்க்காமல் எல்லோரும் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது. நாம் அதைக் கவருக்கு அடியில் அமுக்கி வைத்திருக்கிறோம்.

அமுக்குவதோடு விட்டோமா? பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் அலாரத்தை நிறுத்த ஒரு கிளிப் விற்கிறார்கள். வெறும் நாக்கு, லாக்கில் செருகிவிட்டால் சத்தம் நின்றுவிடும். பாட்டில் திறப்பான் என்ற பெயரிலும் விற்றார்கள். கார் ஓட்டுகிறவனுக்கு எதற்குப் பாட்டில் திறப்பான் என்று யாராவது கேட்டார்களா தெரியவில்லை! 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு ஐந்து ஆன்லைன் தளங்களிலிருந்து இப்படி 13,118 விற்பனைப் பக்கங்களை நீக்க வைத்தது. கடைத்தெருவில் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. என் நண்பன் வண்டியில் ஒன்று இருக்கிறது, அவன் இதைப் படிப்பான், படிக்கட்டும்.

மாமாவின் பெரிய வாதம், "வண்டி கனால்ல விழுந்துட்டா? தீப்பிடிச்சுட்டா? பெல்ட்ட அவுக்கறதுக்குள்ள?" கனாலும் வாய்க்காலுமாக இருக்கும் ஊரில் இந்தப் பயம் வருவது நியாயம்தான். ஆனால் மோதலோடு ஒப்பிட்டால் நெருப்பும் தண்ணீரும் எப்போதாவது நடப்பவை. அப்படி நடந்தாலும் வெளியே வர முதலில் நினைவு இருக்க வேண்டும். மண்டை அடிபட்டு மயங்கிக் கிடப்பவனுக்கு பெல்ட் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. மாமா இதை ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சை மாற்றிவிட்டார்.

அக்கா மடியில் இருந்த குழந்தைதான் எனக்கு இன்னும் மனசை அறுக்கிறது. அன்றைக்கு அக்கா இறுக்கிப் பிடித்துவிட்டாள், அது சும்மா பிரேக் என்பதால் முடிந்தது. பத்து கிலோ குழந்தை, ஐம்பது கிலோமீட்டர் வேகம், பத்தில் ஒரு செகண்டில் வண்டி நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் கைக்கு வரும் பாரம் 140 கிலோ. கிட்டத்தட்ட மூன்று அரிசி மூட்டை. எந்தத் தாயின் கையும் தாங்காது, பாசம் எவ்வளவு இருந்தாலும். சிலர் செல்லம் கொஞ்சி முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்கிறார்கள். அங்கே ஏர்பேக் விரிந்தால் அது நேராகக் குழந்தை மேல்தான் வரும், பெரியவருக்கும் பைக்கும் நடுவில் குழந்தை. 14 வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ வேண்டும் என்று 2019 சட்டத் திருத்தத்தின் 194பி பிரிவே சொல்கிறது. 2024 அக்டோபரில் கேரளப் போக்குவரத்துத் துறை குழந்தை இருக்கைக்கு அபராதம் போடப்போகிறோம் என்றது, எல்லோரும் கத்தியதும் அமைச்சர் இப்போதைக்கு இல்லை என்றுவிட்டார். நானும் அன்றைக்குக் கத்தினவன்தான். இருக்கைக்கு ஆயிரக்கணக்கில் ஆகும், சாதாரண ஜனம் என்ன செய்யும் என்று பதிவே போட்டேன். அந்தக் கேள்வி இன்னும் சரிதான், அரசு வரியைக் குறைக்கட்டும். ஆனால் சீட் கவருக்கு நான் ஏழாயிரம் கொடுத்தவன். அக்கா மகளுக்கு இருக்கை வாங்க அடுத்த ஞாயிறு கோயம்புத்தூர் போகிறோம்.

போன வாரம் மறுபடியும் பொள்ளாச்சிப் பயணம். அம்மா பின்னால் ஏறி, புடவை கசங்காமல் இருக்கத் தோளில் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தார். அது நின்றுவிட்டது. "வரமாட்டேங்குது கண்ணு, ரிப்பேரு." வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை, மெதுவாக இழு என்றேன். மெதுவாக இழுத்தார், வந்தது. மறுபடி வெடுக்கென்று இழுத்தார், நின்றது. நாலைந்து தடவை செய்து பார்த்துவிட்டு, "கெட்டிக்காரனா இருக்குதே" என்றார்.

கோபாலபுரம் வந்தது. மாமாவின் கை லாக்கை நோக்கிப் போனது.

"ஏன்டா தம்பி, கை எங்க போகுது?" என்றார் அம்மா பின்னாலிருந்து.