வந்தானா, வந்தாளா?

வீட்டு ஸ்டூடியோவில் பாட்டு மிக்ஸ் செய்யும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தமிழ்க் குரலை, சத்தத்தைத் தானாகவே சமன் செய்யும் கம்ப்ரஸரிடம் மட்டும் ஒப்படைத்துவிடாதீர்கள். வால்யூம் ஆட்டோமேஷனை, அதாவது பாட்டின் எந்த இடத்தில் சத்தம் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று காட்டும் கோட்டை, உட்கார்ந்து கையால் வரையுங்கள்.

வந்தான், வந்தாள், வந்தார். மூன்றுக்கும் முன்பாதி ஒன்றுதான். வந்தது யார் என்று சொல்வது கடைசி மெய்யெழுத்து. நம் மொழியில் வினைமுற்று பெரும்பாலும் வரியின் முடிவில் வந்து உட்காரும். பாடுகிறவருக்கு மூச்சு தீர்வதும் அதே இடத்தில்தான். அந்த ன், ள் எல்லாம் தபேலாவுக்கும் ஸ்ட்ரிங்ஸுக்கும் அடியில் போய்விடுகின்றன. எழுதியவர் பொறுக்கி எடுத்து வைத்த சொல், கேட்பவர் காதுக்குப் பாதிதான் போய்ச் சேர்கிறது. எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிறது.

கம்ப்ரஸர் ஓங்கி ஒலிப்பதை அமுக்கும். அது அமுக்கத் தொடங்கும் அளவான த்ரெஷோல்டுக்குக் கீழே கிடக்கும் மெல்லிய எழுத்தை மட்டும் தேடிப்போய்த் தூக்கிவிடாது. அமுக்கியபின் மொத்தச் சத்தத்தையும் கூட்டும் மேக்கப் கெயினை ஏற்றினால் மூச்சுச் சத்தமும் அறை இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

நான் பயன்படுத்துவது ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள். ட்ராக்கைத் தேர்ந்தெடுத்து வி விசையைத் தட்டினால் வால்யூம் என்வலப், அதாவது நான் சொன்ன அந்தக் கோடு, தெரியும். கடைசி அசைக்கு முன்னால் இரண்டு புள்ளி, பின்னால் இரண்டு புள்ளி. நடுவில் உள்ள துண்டை ஒன்றரை, இரண்டு டெசிபல் ஏற்றுவேன். பெரும்பாலும் அதுவே போதும். 6 டெசிபல் என்றால் அலையின் உயரமே இரண்டு மடங்கு. அவ்வளவு தேவைப்பட்டால் அந்த வரியைத் திரும்பப் பாடவைப்பதுதான் சரி.

எந்த இடத்தில் ஏற்றுகிறோம் என்பதையும் பாருங்கள். இந்த என்வலப் கம்ப்ரஸர் போன்ற எஃபெக்டுகளுக்குப் பிறகு வேலை செய்வது. அதனால் ஏற்றியது ஏறியபடி நிற்கும். பாடகர் திடீரென்று உச்சத்தில் கத்திவிட்ட இடங்களை மட்டும் கம்ப்ரஸருக்கு முன்பே, அந்த ஒலித்துண்டின் சொந்த கெயினிலேயே (சத்த அளவிலேயே) குறைத்துவிடுவேன். இரண்டையும் ஒரே கோட்டில் போட்டுக் குழப்பினால் கம்ப்ரஸர் எதற்கு அமுக்குகிறது என்றே பிடிபடாது.

ஒருமுறை எல்லாம் வரைந்து முடித்தபின் சரணத்தை நான்கு பார் (தாளக் கட்டம்) தள்ளி வைத்தேன். குரல் நகர்ந்தது, புள்ளிகள் பழைய இடத்திலேயே நின்றன. ஒரு ராத்திரி வேலை போயிற்று. ஆப்ஷன்ஸ் மெனுவில் என்வலப் புள்ளிகளும் சேர்ந்து நகரும்படி ஒரு தேர்வு உண்டு. எடிட்டுக்கு உட்காரும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். அப்புறம், வரைந்து முடித்தபின் மொத்தக் குரலையும் கொஞ்சம் இறக்க வேண்டுமென்றால் புள்ளிகளைத் தொட வேண்டாம். ட்ராக்கின் ஆட்டோமேஷனை ட்ரிம்/ரீட் என்ற நிலையில் வைத்து, ஃபேடரை (சத்தம் கூட்டிக் குறைக்கும் தள்ளுவிசையை) இறக்கினால் கோட்டின் வடிவம் அப்படியே இருக்கும்.

கடைசியில் திரையை அணைத்துவிட்டு, சின்ன ஸ்பீக்கரில், பேச்சுக் குரல் அளவுக்குச் சத்தம் வைத்துக் கேட்பேன். பாட்டு வரிகளை அறியாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்தால் இன்னும் நல்லது. நான்கு நிமிடப் பாட்டுக்கு இதெல்லாம் சேர்த்து எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. உங்களுக்கும் ஆகும். கூலி பேசும்போது அந்த இரண்டு மணி நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள், தயங்காதீர்கள்.